டாக்டர் மிரோவ்ஸ்கியும் அவர் கண்ட கருவியும்

போலந்து நாட்டின் தலைநகரான வார்ஸாவில், 1924-ஆம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மிரோவ்ஸ்கி. பெற்றோர் இட்ட பெயர் வேறு. 1939-இல் ஜெர்மன் படை நாட்டுக்குள் புகுந்ததும், யூதப் பெயரே உயிருக்கு உலை வைக்கும் என்று அஞ்சிய தந்தை அதை மாற்றினார். பதினைந்து வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பிய சிறுவன் சோவியத் நாட்டில் அலைந்து திரிந்து, யுத்தம் முடியும் தறுவாயில் திரும்பி வந்தான். குடும்பத்தில் ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை.

பிறகு பிரான்ஸின் லியோன் நகரில் வைத்தியப் படிப்பு. இஸ்ரேல், மெக்ஸிகோ, அமெரிக்கா என்று பல நாடுகளில் இருதய சிகிச்சையில் பயிற்சி.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு மரணம். டெல் ஹஷோமர் ஆஸ்பத்திரியில் அவருடைய ஆசானாக இருந்த டாக்டர் ஹாரி ஹெல்லருக்கு, 1966-இல் இருதயத்தின் கீழறைகள் அடிக்கடி தறிகெட்டுத் துடிக்கத் தொடங்கின. இத்துடிப்பு முற்றினால் கீழறைகள் வெறுமனே நடுங்கும், இரத்தம் வெளியேறாது, சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். உடனே மின் அதிர்ச்சி கொடுத்தால் பிழைக்கலாம். ஆனால் அந்த யந்திரமோ ஆஸ்பத்திரியில் இருந்தது. ஹெல்லர் தம் வீட்டில் உணவருந்தும்போது மாண்டார். ஒரு மனிதனை ஆயுள் முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே அடைத்து வைக்க முடியுமா? முடியாதென்றால் யந்திரத்தை அவன் உடலுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி சிந்தித்தார்.

1968-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்குச் சென்றார். மறு ஆண்டு டாக்டர் மார்ட்டன் மோவருடன் சேர்ந்து நாய்களிடம் பரிசோதனை தொடங்கினார். என்ஜினீயரிங் பயிலும் நண்பர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். சிறிய பாட்டரியின் சில வோல்ட்டை எழுநூறு வோல்ட் அளவுக்கு உயர்த்திச் சேமிக்க வேண்டும். அதைச் சில விநாடிகளில் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், எது ஆபத்தான துடிப்பு என்று கருவி தானே தீர்மானிக்க வேண்டும். கடைசிப் பணியே கடினமானது.

1972-இல் புகழ்பெற்ற இருதய நிபுணர் பெர்னார்ட் லௌன் இம்முயற்சியை வன்மையாகக் கண்டித்து எழுதினார். அதைப் பொறாமை என்று தள்ளிவிடலாகாது. இருதயச் சுழற்சியில் தவறான கணத்தில் விழும் அதிர்ச்சி, நல்ல துடிப்பையே கொடிய நடுக்கமாக மாற்றிவிடும். அக்கணத்தைத் தவிர்த்து அதிர்ச்சி தரும் முறையை வகுத்தவரே அவர். உதவ வந்த கம்பெனி ஒன்றும் பின்வாங்கியது. பிட்ஸ்பர்க் நகரின் சிறு நிறுவனம் ஒன்றின் தலைவரான டாக்டர் ஸ்டீபன் ஹைல்மன் மட்டும் கைகொடுத்தார். நாய் ஒன்று சுருண்டு விழுந்து, கருவியின் அதிர்ச்சியால் எழுந்து வாலாட்டுவதைச் சினிமாப் படமாக எடுத்துக் காட்டினார்கள். நாயை விழப் பழக்கியிருக்கிறார்கள் என்று சொன்னவர்களும் உண்டாம்!

1980 பிப்ரவரி 4 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், ஒரு பெண்மணிக்கு டாக்டர் லீவை வாட்கின்ஸ் இக்கருவியைப் பொருத்தினார். மார்பைத் திறந்து கம்பிகளை வைத்து, கால் கிலோ எடையளவான பெட்டியை வயிற்றுப் பகுதியில் புதைத்தார்கள். 1985-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கியது.

லௌனின் கவலை வீணானதல்ல. மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பதால் நாடி விரைந்தாலும், கம்பி ஒடிந்து பொய்ச் சைகை அனுப்பினாலும், ஆரம்பக் கருவிகள் அதை மரண நடுக்கமென்றெண்ணி, நல்ல நினைவோடு இருப்பவரையே தாக்கின. ஏன் தாக்கின என்பதற்குப் பதிவும் அவற்றில் இல்லை. வலியும் அச்சமும் நாடியை மேலும் விரைவுபடுத்தும். அதனால் மறு அதிர்ச்சியும் வரலாம். பின்னாளில், மெல்லிய மின் துடிப்புகளால் வேகத்தை அடக்கும் முறை சேர்க்கப்பட்டது. அதுவும் சில வேளை வேகத்தைக் கூட்டிவிடுவதுண்டு. நாடி நிமிஷத்துக்கு 200-ஐ எட்டும்வரையோ, சற்று நேரம் கழியும்வரையோ கருவி பொறுத்திருந்தால், வீண் சிகிச்சையும் குறைகிறது, மரணமும் குறைகிறது என்று 2012-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

மிரோவ்ஸ்கி இதையெல்லாம் காணவில்லை. இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கு மருந்தைவிட இக்கருவியே அதிக ஆயுள் தருகிறது என்று நிறுவிய முதல் ஆய்வே 1996-இல்தான் வெளியாயிற்று. அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1990 மார்ச் 26-ஆம் நாள், எலும்பு மஜ்ஜையில் தோன்றிய புற்றுநோயால் பால்டிமோரில் அவர் காலமானார். வயது 65.