இராபர்ட் டி நோபிலி

இராபர்ட் டி நோபிலி (1577 – சனவரி 16, 1656) இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் சமயப் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஆவார். தத்துவபோதகர் என்னும் பெயராலும் அறியப்படுகிறார். தமிழ், வடமொழி, தெலுங்கு ஆகிய மொழிகளைக் கற்று, தமிழ் உரைநடையில் பல நூல்கள் எழுதினார். கிறித்தவராக மாறுபவர் தம் நாட்டு வழக்கங்களைக் கைவிட வேண்டியதில்லை என்ற இவரது கொள்கை கத்தோலிக்கத் திருச்சபைக்குள் பெரும் பூசலை எழுப்பியது. சென்னை மயிலாப்பூரில் காலமானார்.

பின்னணி

1517 இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்தால் பிளவுண்ட கத்தோலிக்கத் திருச்சபை, திரெந்து பொதுச்சங்கத்தின் (1545–1563) வழியாகத் தன்னைச் சீரமைக்க முயன்றது. 1540 இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இயேசு சபை இம்முயற்சியில் முன்னின்றது. சபையின் குருக்கள் போர்த்துக்கீசக் கப்பல்களிலேயே கீழைநாடுகளுக்கு வந்தனர். இதனால் இங்குள்ளோர் கிறித்தவத்தையும் பரங்கியர் ஆட்சியையும் ஒன்றாகவே கருதினர்.

நோபிலி உயர்குடியில் பிறந்தவர். கர்தினால் பெல்லார்மின் இவருக்கு உறவினர். 1605 இல் கோவாவை அடைந்தார். முத்துக்குளித்துறையில் தமிழ் பயின்றபின் 1606 இல் மதுரை சென்றார்.

மதுரையில்

மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டசு என்ற போர்த்துக்கீசத் துறவி 1595 முதல் பணியாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறித்தவர்களுக்கு அப்பால் எவரும் அவரை நாடவில்லை. மதம் மாறுவதென்பது பரங்கிக் குலத்தில் சேர்வதே என்று மக்கள் எண்ணியதும், திருச்சபையாரே அவ்வாறு பேசியதும் இதற்குக் காரணம் என நோபிலி கண்டார். மாட்டிறைச்சியும் மதுவும் உண்ணும் பரங்கியர் இழிந்தோராகக் கருதப்பட்ட காலம் அது.

எனவே நோபிலி தாம் பரங்கியர் அல்லர், உரோமாபுரியின் உயர்குலத்தில் பிறந்த துறவி என்று அறிவித்தார். காவியுடையும் மரக்காலணியும் அணிந்து, புலால் நீக்கி, தனியே வாழ்ந்தார். சிவதருமர் என்ற தெலுங்கு அந்தணரிடம் வடமொழி கற்றார். உயர்சாதியினர் சிலர் கிறித்தவத்தைத் தழுவினர். ஆனால் இதற்கு ஈடாகச் சாதிப் பிரிவினையைச் சமூக வழக்கமென ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பரதவருக்கும் புதிய கிறித்தவருக்கும் தனித்தனிக் கோயில்கள் அமைந்தன. நோபிலியின் முறை குறித்த கடுமையான திறனாய்வு இன்றளவும் இதன்மீதே எழுகிறது.

பூசல்

பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் கிறித்தவர் தொடர்ந்து அணியலாமா என்பதே வெளிப்படையான வினா. பெர்னாண்டசு 1610 இல் முறையிட்டார். அவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக அடையாளங்களே என நோபிலி இலத்தீனில் விரிவாக வாதிட்டு எழுதினார். 1619 இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பேராயர் உட்படப் பலர் எதிர்த்தனர். முடிவில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 இல் இவ்வழக்கங்களை நிபந்தனைகளுடன் அனுமதித்தார். தாழ்ந்தோரை இகழக் கூடாதென உயர்குலக் கிறித்தவர்களுக்கு அதே ஆணை அறிவுறுத்தியது. அந்தப் பகுதி நடைமுறையில் பெரும் பயன் தந்ததாகத் தெரியவில்லை.

பின்னர் நோபிலி திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளிலும் பணியாற்றினார். 1640 இல் மதுரையில் சிறைவைக்கப்பட்டார். ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணிபுரியப் பண்டாரசுவாமிகள் என்ற தனிப்பிரிவு அக்காலத்திலேயே தோன்றியது.

இறுதிக்காலம்

முதுமையில் கண்பார்வை மங்கிய நோபிலி மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்திற்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். இன்றைய பட்டினப்பாக்கத்திற்கு வடக்கே உள்ள சாந்தோம் அப்போது போர்த்துக்கீசரின் கோட்டை நகரமாக விளங்கியது. பரங்கியரிடமிருந்து விலகி வாழ்ந்தவரின் கடைசி ஆண்டுகள் அவர்களது நகரை ஒட்டியே கழிந்தன. அங்கேயே 1656 இல் மறைந்தார்.

நூல்கள்

ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலியன இவர் இயற்றியவை. வடசொற்கள் மிகுந்த இவரது நடை இன்றைய வாசகருக்குக் கடினமானது. எனினும் மெய்யியல் வாதங்களைத் தமிழ் உரைநடையில் நீளமாக எழுதியவர்களுள் இவர் முன்னோடி. ஞானோபதேசம் 1677 இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது.

எசூர்வேதம் என்ற பிரெஞ்சு நூலும் இவர் பெயரில் ஏற்றிக் கூறப்பட்டதுண்டு. அதைப் பழம்பெரும் இந்திய நூலென வோல்ட்டேர் நம்பினார். 18 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயேசு சபையினரிடையே தோன்றிய அந்நூலுக்கும் நோபிலிக்கும் தொடர்பில்லை என்பது பிற்கால ஆய்வாளர் முடிவு.