நெல்சனும் அறுபட்ட நரம்பும்

டிரபால்கர்ப் போரால் உலகறிந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹொரேஷியோ நெல்சனுக்கு வலக்கை இல்லை என்பதை அவர் படங்களைக் கண்ட யாவரும் அறிவர். கை போன பின்னர் அவர் மாதக்கணக்காய்ப் பட்ட பாட்டையும், அதற்குக் காரணமான சிறு பட்டு நூலையும் அறிந்தார் சிலரே.

அவர் 1758ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் இங்கிலாந்தில் பர்னம் தார்ப் என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாய்ப் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிலேயே கடற்படை புகுந்தார். 1774ஆம் ஆண்டு மே மாதம் ‘சீஹார்ஸ்’ என்னும் கப்பலில் நம் சென்னைக் கரைக்கு வந்தபோது அவருக்கு வயது பதினைந்து. மறு ஆண்டு ஹைதர் அலியின் கப்பல்களோடு நேர்ந்த சிறு சண்டையே அவர் கண்ட முதற்போர். கடுங்காய்ச்சலால் நலிந்து 1776இல் நாடு திரும்பினார்.

1794இல் கார்சிகாவில் வலக்கண் ஒளியிழந்தது. 1797ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இரவு, தெனரிப் தீவில் படகினின்று கரையிறங்குங்கால், துப்பாக்கிக் குண்டொன்று அவருடைய வலக்கையை முழங்கைக்கு மேலே நொறுக்கிற்று. உடனிருந்த மனைவியின் முன்மகன் ஜோசையா கழுத்துத் துணியால் இறுகக் கட்டிக் குருதியை நிறுத்தினான். படகு முதலில் அணுகிய கப்பலின் பெயரும் ‘சீஹார்ஸ்’ என்பதே. பழைய கப்பலன்று, பெயர் மட்டும் ஒன்று. அதில் கப்பல் தலைவர் பிரிமாண்டலின் மனைவி இருந்தார். அவர் கணவர் கரையில் என்னவானார் என்று தெரியாத நிலையில், இக்கோலத்தோடு அவர்முன் செல்ல நெல்சன் இசைந்திலர். வேறு கப்பலுக்குப் போகும்வரை வலியைத் தாங்கினார். அவருடைய வீரச் செயல்கள் பலவற்றினும் இதனையே யான் பெரிதாய்க் கருதுவேன்.

மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. ‘தீசியஸ்’ கப்பலின் இரணவைத்தியர் தாமஸ் எஷெல்பி கையை அறுத்து, இரத்தக் குழாய்களைப் பட்டு நூலால் கட்டி, நூல் முனையை வெளியே நீளவிட்டார். சில நாளில் நூல் தானே கழலும் என்பது அக்கால முறை. ஒன்று கழலவில்லை. குழாயோடு நரம்பும் அதில் அகப்பட்டது என்று கருதினர். நூலை இழுத்துப் பார்க்குந்தோறும் நெல்சன் துடித்தார். இரவில் அபினியின்றி உறக்கமில்லை.

அறுபட்ட நரம்பின் இயல்பை உத்திரமேரூர் ஏரியை அறிந்தார்க்கு விளக்குதல் எளிது. மதகினின்று புறப்படும் நீர் கால்வாய் உள்ளவரை வயலைச் சேரும்; கால்வாய் தூர்ந்தால் அங்கேயே பரந்து சேறுங் கோரையுமாய்க் குட்டையாகும். நரம்பும் அவ்வாறே. அதன் உயிருள்ள முனை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து, அப்பாலுள்ள தன் பழைய குழாயைத் தேடும். அது கிடைத்தால் உணர்ச்சி மீளவுங் கூடும். கையே இல்லையாயின் எதனைத் தேடுவது? இழைகள் தழும்புக்குள் சுருண்டு பின்னி, குமிழ் போன்ற கழலையாய்த் திரளும். இது புற்றன்று, ஆயினும் அழுத்தினால் இல்லாத விரலில் வலியெடுக்கும். அதனால் இக்காலத்தார் நரம்பு முனையைத் தசைக்குள் புதைப்பர்; அல்லது தசைக்குச் செல்லும் சிறு நரம்போடு இணைத்து, அதற்கொரு வழி காட்டுவர்.

இலண்டனில் நெல்சன் கலந்த வைத்தியருள் வில்லியம் குருக்ஷாங்க் ஒருவர். நெல்சன் இந்தியாவினின்று நோயோடு திரும்பிய அதே 1776இல், நாய்களின் நரம்பை அறுத்து, அது மீண்டும் கூடுவதைச் சோதித்தவர் இவர். அவ்வாராய்ச்சி 1795இல்தான் அச்சேறிற்று. அத்தகையார் இருந்தும் மீண்டும் கத்தி எடுக்கவில்லை, காத்திருக்கவே துணிந்தனர். டிசம்பர்த் தொடக்கத்தில் நூல் தானே வந்தது, புண் ஆறியது. வலி உடனே தணிந்தமையின், அவரை வருத்தியது கழலையினும் நூலின் பிடியே எனலாம்.

எட்டு மாதத்தில், 1798 ஆகஸ்டு முதல் நாள், நைல் முகத்துவாரத்தருகே பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்தார். இந்தியாவுக்கு வந்த அச்சம் நீங்கிற்றென்று கிழக்கிந்தியக் கம்பெனியார் 10,000 பவுன் அளித்தனர். 1805ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் டிரபால்கரில் உயிர்துறந்தார். எஞ்சிய கைத்துண்டு, அவர் சினங்கொள்ளுந்தோறும் தானே துடிக்கும் என்பதை உடனிருந்த மாலுமிகள் நன்கு அறிந்திருந்தனர். அத்தகைய நரம்புக் கழலைக்கு ஜெனீவா வைத்தியர் லூயி ஓடியே ‘நியூரோமா’ என்று பெயரிட்டது, நெல்சன் இறந்து ஆறாண்டு கழிந்து, 1811இல்.