பெங்களூர்த் தண்டில் படம் பிடித்த கேப்டன் டிரைப்

போட்டோ ஸ்டூடியோக்களில் பிலிம் ஓடிய காலத்தில் வேலை பழகிய நம்மவர்கள் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. பையன் கேமிராவைத் துடைக்கலாம், விளக்கை நகர்த்தலாம், ஈரப் படங்களைக் கொடியில் உலர்த்தலாம். ஆனால் முதலாளி இருட்டறைக்குள் டெவலப்பர் மருந்து கலக்கும் நேரம் வந்துவிட்டால், பையனை டீ வாங்கி வர அனுப்பிவிடுவார். எந்த மருந்து எத்தனை கிராம், தண்ணீர் எவ்வளவு சூடு என்பதெல்லாம் அவர் மனத்தோடு இருக்கும். சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு எதிர்க் கடை போட்டு விடுவானே என்ற பயம்.

இந்தப் பயம் நியாயமானதா? தொழில் நுணுக்கத்தைப் பிறருக்குச் சொல்ல வேண்டுமா, மூடி வைக்க வேண்டுமா? புகைப்படக் கலை பிறந்த நாள் முதல் இருந்துவரும் வழக்கு இது. அந்த வழக்கில் நம் பெங்களூர்த் தண்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தென்னிந்தியக் கோயில்களை முதன்முதலாகப் பெரிய அளவில் படம் பிடித்தவர் என்று இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் கேப்டன் லினேயஸ் டிரைப், தமது ஸ்டூடியோவை நடத்தியது இந்தத் தண்டில்தான். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் நமது கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

ரகசியமும் பேடண்டும்

டிரைப் 1822 ஏப்ரல் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக நகரில் பிறந்தார். பதினாறு வயதளவில், 1838-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சேர்ந்தார். 12-வது மெட்ராஸ் சுதேசிக் காலாட்படையில் அதிகாரியாகத் தென்னாட்டுக்கு வந்து பத்தாண்டு காலம் பணியாற்றினார்.

அவர் இங்கே சிப்பாய்களுக்குக் கவாத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில்தான் ஐரோப்பாவில் புகைப்படம் பிறந்து வளர்ந்தது. பாரிஸில் டாகேர் என்பவர் செப்புத் தகட்டில் உருவத்தை நிலைக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்து, அதை ரகசியமாக வைத்திருந்தார். பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் உபகாரச் சம்பளம் கொடுத்து அந்த ரகசியத்தை வாங்கி, 1839 ஆகஸ்டு 19 அன்று உலகறிய வெளியிட்டது. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்னதாகவே இங்கிலாந்தில் டாகேரின் பெயரால் பேடண்ட் கோரி மனுப் போட்டிருந்தார்கள். அங்கே மட்டும் பணம் கட்டினால்தான் தொழில் செய்யலாம் என்றாயிற்று.

இங்கிலாந்தில் டால்பட் என்பவர் காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கண்டார். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அதன் சிறப்பு. அவர் 1841-ல் பேடண்ட் வாங்கி, உரிமம் பெறாதவர்கள் அதைச் செய்யக் கூடாது என்றார். விளைவு என்ன? பேடண்ட் செல்லாத ஸ்காட்லாந்தில் அந்தக் கலை செழித்தது. பேடண்ட் இருந்த இங்கிலாந்தில் மெல்ல நடந்தது.

1851-ல் நிலைமை மாறிற்று. லண்டனில் ஆர்ச்சர் என்ற சிற்பி, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படம் எடுக்கும் முறையைப் பத்திரிகையில் எழுதி இலவசமாகவே விட்டுவிட்டார். அதே ஆண்டில் பிரான்ஸில் லெக்ரே என்பவர், மெழுகு தோய்த்த காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். மெழுகுக் காகிதத்தைப் பல நாள் முன்னதாகவே மருந்திட்டுத் தயாராக வைத்துக்கொள்ளலாம். வெயிலில் வண்டி கட்டி ஊர் ஊராய்ப் போகிறவனுக்கு இதைவிட வசதி வேறில்லை.

விடுமுறையில் கற்ற வித்தை

இந்த நேரத்தில் டிரைப் தாய்நாட்டில் இருந்தார். 1850-ல் விடுமுறையில் போனவர், உடல்நலக் குறைவால் 1854 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அந்த ஓய்வில்தான் புகைப்படம் பழகினார். 1853-ல் லண்டனில் தோன்றிய புகைப்படச் சங்கத்தில் அந்த ஆண்டே உறுப்பினரானார். சங்கத்தில் உறுப்பினர்கள் தங்கள் செய்முறைகளைக் கட்டுரையாகப் படிப்பார்கள். அது சங்கத்தின் பத்திரிகையில் அச்சாகும். மற்றவர்கள் செய்து பார்த்துக் குறை நிறை எழுதுவார்கள். ஒரு ராணுவ அதிகாரி, குருவின் காலடியில் ஆண்டுக் கணக்கில் கிடக்காமல் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள முடிந்ததென்றால், யாரோ சிலர் அதை எழுதி வெளியிட்டதுதான் காரணம்.

1854 ஜூனில் அவர் பெங்களூர் திரும்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த கம்பெனிப் படை 1809-ல் அல்சூர் கிராமத்தை ஒட்டி வந்து இறங்கியதிலிருந்து வளர்ந்ததே பெங்களூர்த் தண்டு. படையோடு சிப்பாய்களாகவும், சமையற்காரர்களாகவும், கொத்தர், தச்சர், வண்டிக்காரர்களாகவும் வந்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்களே. அவர்களின் சந்ததியார் இன்றும் அல்சூரில் வாழ்கிறார்கள்.

அந்த டிசம்பரிலேயே டிரைப் ஹளேபீடு, பேளூர் கோயில்களுக்குப் போய்ப் படம் எடுத்தார். 1855 பிப்ரவரியில் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் 68 படங்களை வைத்து முதல் வகுப்புப் பதக்கம் பெற்றார்.

ஆறாயிரம் படங்கள்

அதே 1855-ல் பர்மாவின் மிண்டோன் மன்னரிடம் கவர்னர் ஜெனரல் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக டிரைப் சேர்ந்தார். மழைக்காலம், உடல்நலமும் சரியில்லை. இருந்தும் பகான், அமரபுரம், ரங்கூன் முதலிய இடங்களில் இருநூறுக்கு மேற்பட்ட காகித நெகட்டிவ்களை எடுத்து வந்தார்.

அவற்றில் 120 படங்களைத் தேர்ந்து, ஐம்பது தொகுப்புகள் தயாரிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆறாயிரம் படங்கள்! அந்த வேலை பெங்களூரில் நடந்தது. அந்த நாளில் ஒரு படம் எடுப்பது என்றால் பொத்தானை அழுத்துகிற காரியமா? காகிதத்துக்கு உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் ஏற்றி, நெகட்டிவோடு சேர்த்துச் சட்டத்தில் அழுத்தி, வெயிலில் வைத்து, நிறம் ஏறும்வரை பார்த்திருந்து எடுத்து, மருந்தில் நிலைப்படுத்தி, பல முறை தண்ணீரில் அலச வேண்டும். மேகம் மறைத்தால் வேலை நிற்கும். அலசல் குறைந்தால் படம் மங்கும்.

இத்தனையும் ஒருவர் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக்கூடியதல்ல. உதவியாளர்கள் வேண்டும், அவர்களுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். டிரைப்பின் தனி நுணுக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அக்கால மருந்துக்கு நீல நிறத்தைப் பிரித்துக் காட்டத் தெரியாது. ஆகையால் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களை உண்டாக்கினார். மரங்களின் இலைகளையும் சீர்படுத்தினார். படத்தைப் பார்ப்பவருக்கு இது எளிதில் தெரியாது. நெகட்டிவைக் கையில் எடுத்து வெயிலில் வைக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா? பெரிய வேலையை ஏற்றுக்கொண்டவன் ரகசியத்தைத் தன்னோடு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு அந்த ஸ்டூடியோ ஓர் உதாரணம்.

இராயக்கோட்டை முதல் தஞ்சை வரை

1856-ல் சென்னை ராஜதானி அரசாங்கம் டிரைப்பைத் தனது புகைப்படக்காரராக நியமித்தது. பழைய கட்டடங்கள் அழியுமுன் அவற்றைப் பதிவு செய்வது அவர் கடமை. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் கேமிரா, கண்ணாடித் தகடு, மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் ஓயாத நேரம்.

இராயக்கோட்டை, சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு என்று சுற்றி, 1858 ஏப்ரல் கடைசியில் சென்னை சேர்ந்தார். மதுரையில் மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், விளக்குத்தூண் எல்லாம் அவர் கேமிராவில் பதிந்தன. திருமலை நாயக்கர் மகால் பின்னாளில் நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. அதற்கு முன் அது இடிந்து கிடந்த கோலத்தை டிரைப்பின் படங்களில் இன்று காண முடிகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது யாரும் அதுவரை செய்யாத காரியம். விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டுத் துறை என்ற ஒன்று ஏற்படும் முன்பே, ஊர் போகாமல் உட்கார்ந்த இடத்தில் எழுத்தைப் பார்க்க அது வழி காட்டியது. சென்னைக்கு வந்தபின் அமராவதிச் சிற்பங்களையும் படம் எடுத்தார். அவை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

ஒரு கையெழுத்தில் மூடப்பட்டது

இத்தனை உழைப்புக்கும் முடிவு திடீரென வந்தது. கலகத்துக்குப் பின் கஜானா காலி. 1859-ல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரவெல்யன், செலவுக் குறைப்பில் கண்ணாக இருந்தவர். இந்த நெருக்கடியில் புகைப்படம் ஓர் ஆடம்பரம் என்பது அவர் கருத்து. நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். எடுத்த படங்களை அச்சிட்டு முடிக்க மட்டும் டிரைப் அவகாசம் பெற்றார். 1860-ல் எல்லாம் முடிந்தது.

டிரைப் மறுபடி ராணுவ வேலைக்குத் திரும்பினார். பிற்பாடு பர்மாவில் எடுத்த சில படங்களைத் தவிர, அவர் கேமிராவைத் தொடவில்லை என்றே சொல்லலாம். 1870-களில் ஓய்வு பெற்று, கௌரவ மேஜர் ஜெனரல் பட்டத்துடன் பிறந்த ஊர் திரும்பினார். 1902 மார்ச் 2 அன்று காலமானார். ஆறே ஆண்டுகளில் எடுத்த படங்கள்தான் அவருக்குப் புகழ் தந்தன. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தும் அந்தப் புகழைத் தேடிப் போகவில்லை.

நின்ற கை, நிற்காத தொழில்

ஸ்டூடியோ மூடப்பட்டது, ஆசிரியரும் தொழிலை விட்டுவிட்டார். அத்துடன் வித்தையும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. டிரைப்பிடம் வேலை பழகிய ஐயாசாமி என்ற நம்மவர், சென்னைக் கலைத் தொழிற் பள்ளியில் புகைப்படக்காரராக அமர்ந்தார். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய பள்ளி அது. 1856-ல் சென்னைப் புகைப்படச் சங்கத்தை ஏற்படுத்தியவர்களிலும் ஹண்டர் முக்கியமானவர். அங்கே ஐயாசாமியிடம் மாணவர்கள் படம் பிடிக்கக் கற்றார்கள்; ஊர்களுக்குப் போய்க் கோயில்களையும் நினைவுச் சின்னங்களையும் எடுத்தார்கள். நீலகிரி மக்களைப் பற்றி பிரீக்ஸ் என்ற அதிகாரி எழுதி 1873-ல் வெளிவந்த புத்தகத்தில் அந்தப் பள்ளி எடுத்த படங்கள் இடம் பெற்றன. கவர்னரின் கையெழுத்து ஓர் ஆபீஸை மூடியது. ஐயாசாமி கற்ற வேலையை அதனால் மூட முடியவில்லை.

டிரைப் ஐயாசாமியை டீ வாங்க அனுப்பியிருந்தால்?

ஆயினும் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். டிரைப்புக்கு மாதம் பிறந்தால் சர்க்கார் சம்பளம் வந்தது. உதவியாளன் எதிர்க் கடை போடுவான் என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை. எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த ஆர்ச்சர் என்ன ஆனார்? உலகமெங்கும் போட்டோக்காரர்கள் அவர் முறையில் பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அவர் 1857-ல் ஏழையாகச் செத்தார். குடும்பத்துக்காகப் பிறர் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. வாடகை கட்ட வேண்டிய சிறு கடைக்காரர் தமது மருந்துக் கணக்கை மூடி வைத்தால் அவரை மட்டும் குறை சொல்வது சரியாகாது. டாகேருக்கு பிரெஞ்சு அரசாங்கம் செய்ததுபோல், கற்றுக் கொடுக்கிறவனுக்குச் சமூகம் ஏதாவது கொடுத்தால்தான் அவனும் மனம் திறப்பான். ஐயாசாமிக்கும் ஒரு பள்ளியில் சம்பளத்தோடு நாற்காலி கிடைத்ததால்தானே அவரால் பிறருக்குச் சொல்லித் தர முடிந்தது?

இதை மனத்தில் வைத்துக்கொண்டே, கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தின் அளவைக் கற்றவன் எல்லாம் டிரைப் ஆகிவிடவில்லை. அவருடைய கலவை புத்தகத்திலேயே இருந்தது. எந்தக் கோபுரத்தை எந்த வேளையில், எந்த மூலையிலிருந்து பார்ப்பது என்பது புத்தகத்தில் இல்லை. அது அவர் கண்ணோடு இருந்தது. அதை யாரும் திருடவும் இல்லை. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். பெங்களூர் வெயிலில் உலர்ந்த காகிதங்கள் அவை.

பிலிம் போய், மருந்து போய், இருட்டறையும் போய்விட்டது. இன்று ரகசியம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஆனால் ஸ்டூடியோவிலும் லேத்துப் பட்டறையிலும் தையற்கடையிலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பையன் இன்றும் இருக்கிறான். முக்கியமான வேலை நடக்கும்போது அவன் அங்கேயே நிற்கட்டும். டீயைப் பிறகு இருவருமாய்ப் போய்க் குடித்துக்கொள்ளலாம்.