மொட்டைக் கடிதத்தின் முகத்திரை

பிரெஞ்சு நாட்டு லியோன் நகரில், கோர்ட்டு மாடியில் இரண்டே அறைகள். அங்கேதான் 1910-ல் டாக்டர் எட்மண்ட் லொக்கார்ட் போலீஸ் ஆராய்ச்சிச் சாலையைத் தொடங்கினார். அவர் பிறந்தது 1877-ல்.

1917 முதல் தூல் என்ற ஊரில் மொட்டைக் கடிதங்கள் பறந்தன. நூற்றுக்கு மேல்! யார் வீட்டு ரகசியமும் தப்பவில்லை. குமாஸ்தா ஒருவர் சித்தம் கலங்கியே மாண்டார்.

1922-ல் லொக்கார்ட் வந்தார். சந்தேகத்துக்கு உள்ளானவர்களை உட்கார வைத்து, தாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். ஒருத்தி மட்டும் எழுத்து எழுத்தாக வரைந்து காலம் கடத்தினாள். அவரா விடுவார்? பக்கம் பக்கமாக எழுத வைத்தார். கை ஓய்ந்தது, வேஷம் கலைந்தது, கடிதங்களில் கண்ட அதே எழுத்து தானாக வந்து விழுந்தது!

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவள் அவள். தண்டனை? ஒரு மாதச் சிறை, அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது, சொற்ப அபராதம். மாண்டவர் குடும்பத்துக்கு இது எந்த மூலைக்கு?

லொக்கார்ட் 1966-ல் காலமானார்.