உழவராய் வாழ்ந்த பந்தய வீரர்

முந்திச் செல்லும் வேட்கை மாந்தரோடு உடன்பிறந்தது. மாட்டு வண்டி ஓட்டிய காலத்திலும், குதிரை ஏறிய காலத்திலும் அவ்வேட்கை மக்கள் நெஞ்சில் குடிகொண்டிருந்தது. மோட்டார் வண்டி தோன்றியபின் அது மோட்டார்ப் பந்தயமாக உருக்கொண்டது. அப்பந்தயத்தில் பல படிகள் உள. அவற்றின் முடியில் விளங்குவது ஃபார்முலா ஒன் என்னும் உலகப் பந்தயம். பந்தயத்திற்கென்றே செய்யப்பெற்ற, ஒருவர் மட்டும் அமரத்தக்க வண்டிகள் அதில் ஓடும். அடியில் இருப்பவை ஊர்க் கழகங்கள் நடத்தும் சிறு பந்தயங்கள். இவ்விரண்டிற்கும் இடையே, தெருவில் நாம் காணும் குடும்பக் கார்களைத் திருத்தியமைத்து ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டு. அதனை டூரிங் கார்ப் பந்தயம் என்பர்.

முடியில் உள்ளதை விடுத்து, அடியிலும் இடையிலும் உள்ளவற்றையே பெரிதும் விரும்பும் சுவைஞர் பலர் உளர். சிறந்தது இருக்கச் சிறியதை நாடுவது ஏன் என்று சிலர் வியப்பர். அவ்வினாவிற்கு விடையாக அமைந்தது ஒரு பெருவீரர் வாழ்க்கை. அவர் உலகச் சாம்பியன் பட்டத்தை இருமுறை வென்றவர். எனினும் சிறுகளத்தின் சுவையை மறவாதவர். அவரே ஸ்காட்லாந்து நாட்டு ஜிம் கிளார்க்.

கிளார்க் 1936ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் உள்ள கில்மனி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் உழவுக் குடும்பம். தமக்கையர் நால்வர்க்குப்பின் பிறந்த ஒரே மகன் அவர். அவருடைய ஆறாம் வயதில் அக்குடும்பம் இங்கிலாந்தின் எல்லையை ஒட்டிய பெரிக்ஷயர்ப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. டன்ஸ் என்னும் ஊருக்கு அருகில் அமைந்த எடிங்டன் மெயின்ஸ் என்னும் பண்ணையே அவர் வளர்ந்த இடம். பதினாறாம் வயதில் அவர் பள்ளியை விட்டுப் பண்ணை வேலையில் இறங்கினார். ஆடு மேய்ப்பதும் பயிர் பார்ப்பதும் அவருக்கு வாழ்வாயின.

பண்ணையில் வளர்ந்த பிள்ளைக்கு இயந்திரம் புதிதன்று. தம் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு அண்டை ஊர்களில் நடைபெற்ற சிறு போட்டிகளில் அவர் கலந்துகொள்ளலானார். பெற்றோர் இதனை விரும்பவில்லை. ஒரே மகன் உயிரைப் பணயம் வைத்து ஓடுவதை எந்தத் தாய் தந்தையர்தாம் விரும்புவர்? ஆயினும், 1956ஆம் ஆண்டு சூன் திங்களில், கிரிமண்டு என்னுமிடத்தில் தம் நண்பர் இயான் ஸ்காட் வாட்சன் என்பாரின் காரை ஓட்டி, முதன்முதலாக அவர் பந்தயக் களம் புகுந்தார். பந்தயத்திற்கென அமைந்த வண்டியன்று அது. இரண்டடி இயக்கமும் மூன்று உருளைகளும் கொண்ட சிறிய டி.கே.டபிள்யூ. குடும்பக் கார்.

அக்களங்களின் எளிமையை இங்குக் கூறுதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் வானூர்தித் தளங்கள் பல அமைக்கப்பெற்றன. போர் முடிந்தபின் அவற்றுட் பல வீணே கிடந்தன. ஊர்க் கழகத்தார் அவற்றின் ஓடுபாதைகளையே பந்தயக் களங்களாக்கினர். கிரிமண்டும் அத்தகையதே, டன்ஸ் ஊருக்கு அண்மையில் உள்ள சார்ட்டர்ஹாலும் அத்தகையதே. அங்குக் காண வருவோரும் ஓட்ட வருவோரும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தினர். களத்தில் தோற்றவர் மறுநாள் தம் தொழிலுக்குத் திரும்புவர். வென்றவரும் அவ்வாறே திரும்புவர். பொருளும் புகழும் அங்குக் குறைவு. ஓட்டும் இன்பம் ஒன்றே அவர்களை அங்கு ஈர்த்தது.

அவ்வட்டாரத்து ஆர்வலர் சிலர் பார்டர் ரீவர்ஸ் என்னும் பெயரால் ஒரு பந்தயக் குழுவை நடத்தி வந்தனர். முற்காலத்தில் அவ்வெல்லைப்புறத்தில் ஆநிரை கவர்ந்து திரிந்த மறவர்க்கு வழங்கிய பெயர் அது. அக்குழுவின் வண்டிகளை ஓட்டிக் கிளார்க் 1958ஆம் ஆண்டில் பதினெட்டுப் பந்தயங்களில் வென்றார். அவ்வாண்டின் இறுதியில், கிறித்துமசு விழாவிற்கு மறுநாள், பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் லோட்டஸ் எலீட் என்னும் காரை ஓட்டி இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர், அக்காரைச் செய்யும் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன். தம்மை நெருங்கி வந்த உழவரின் திறத்தை அவர் கண்டுகொண்டார். சாப்மனின் லோட்டஸ் குழுவிற்காகக் கிளார்க் 1960ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புகுந்தார்.

பெருங்களம் அவரைப் பூமாலையோடு வரவேற்கவில்லை. பெல்ஜியத்தின் ஸ்பா என்னுமிடத்தில் அவ்வாண்டு நடைபெற்ற பந்தயத்தில் இளம் வீரர் இருவர் உயிரிழந்தனர். அவருள் ஒருவர் கிளார்க்கின் குழுவைச் சேர்ந்த தோழர். அடுத்த ஆண்டு இத்தாலியின் மோன்சாக் களத்தில் கிளார்க்கின் வண்டியும், செருமானிய வீரர் வான் டிரிப்ஸின் வண்டியும் ஒன்றையொன்று உரசின. வான் டிரிப்ஸும் காண வந்தோர் பலரும் மாண்டனர். இருபத்தைந்து வயது இளைஞர் நெஞ்சை அது எவ்வளவு புண்படுத்தியிருக்கும்! ஸ்பாக் களத்தின்மீது அவருக்கு என்றும் வெறுப்பே இருந்தது. ஆயினும், அதே களத்தில் 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவரே வென்றார். அஞ்சத்தக்கதை அஞ்சியும், கடமையில் தவறாது நின்றார்.

1963ஆம் ஆண்டு பத்துப் பந்தயங்களுள் ஏழில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். 1965ஆம் ஆண்டு மீண்டும் அப்பட்டத்தைப் பெற்றார். அவ்வாண்டே அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்திலும் வாகை சூடினார். ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் வென்றவர் அவர் ஒருவரே.

இவ்விரு வெற்றி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட 1964ஆம் ஆண்டே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவ்வாண்டும் உலகப் பட்டம் அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தது. மெக்சிகோவில் நடைபெற்ற இறுதிப் பந்தயத்தில் அவரே முன்னணியில் சென்றார். பந்தயம் முடியும் தறுவாயில் எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகிப் போயிற்று, வண்டி ஓய்ந்தது, பட்டமும் நழுவிற்று. ஆனால், அதே ஆண்டில் மற்றொரு பட்டம் அவரை அடைந்திருந்தது. அது பிரிட்டிஷ் சலூன் கார்ச் சாம்பியன் பட்டம். இக்காலத்தில் பிரிட்டிஷ் டூரிங் கார்ச் சாம்பியன் போட்டி என வழங்குவது அதுவே.

அப்போட்டியில் அவர் ஓட்டியது லோட்டஸ் கார்ட்டினா. ஃபோர்டு நிறுவனம் குடும்பங்களுக்கென விற்ற கார்ட்டினாக் காரின் உடலில், லோட்டஸ் நிறுவனத்தார் ஆற்றல் மிக்க எஞ்சினைப் பொருத்தினர். வெண்ணிற உடலும், பக்கத்தில் பச்சைப் பட்டையும் அதன் அடையாளம். வளைவில் விரைந்து திரும்பும்போது அக்காரின் முன்சக்கரம் ஒன்று தரையைவிட்டு மேலே எழும். மூன்று சக்கரத்தில் சாய்ந்தோடும் அவ்வண்டியைக் கிளார்க் பதற்றமின்றிச் செலுத்திச் செல்வதைக் கண்டோர் அக்காட்சியை மறந்திலர். அவருடைய கார் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட எஞ்சின் உடையது. உடன் ஓடியவற்றுள் ஏழு லிட்டர் எஞ்சின் கொண்ட பேருருவக் கார்களும் இருந்தன.

இத்தகைய பந்தயத்தைச் சுவைஞர் விரும்புவதற்குரிய காரணங்கள் இங்கே விளங்கும். உலகப் பந்தயத்தின் வண்டியை வாழ்நாளில் ஓட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. கார்ட்டினா போன்றதையோ, களம் காண வந்தவரே வீட்டில் வைத்திருக்கக் கூடும். தாம் நாளும் திருப்பும் வண்டியை வீரர் ஒருவர் எவ்வாறு திருப்புகிறார் என்பதை அவர் தம் கையறிவால் உணர்வார். அக்காலத்தில் எஞ்சினின் அளவுக்கேற்ப வண்டிகள் வகுக்கப்பெற்றுப் புள்ளிகள் வழங்கப்பெற்றன. ஆதலின், சிறிய வண்டியும் பட்டம் வெல்ல இடமிருந்தது. 1959ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்தில் கிளார்க்குடன் மாறிமாறி ஓட்டிய ஜான் விட்மோர், 1961ஆம் ஆண்டு சின்னஞ்சிறு மினிக் காரைக் கொண்டே அப்பட்டத்தைப் பெற்றார். வலியது எளியதைத் துரத்துவதும், எளியது வளைவில் நழுவித் தப்புவதும் காண்போர்க்குப் பெருவிருந்தாயின. விரைவின் அளவு ஒன்றே பந்தயத்தின் சுவையன்று. போட்டியின் நெருக்கமும், வீரரோடு காண்போர்க்கு உள்ள உறவும் அதன் உயிராகும்.

புகழின் உச்சியில் நின்ற கிளார்க் சிறுகளத்தை இழிவாகக் கருதியிருந்தால் யாரும் அவரைப் பழித்திரார். அவரோ வாய்ப்பு நேர்ந்தபோதெல்லாம் அங்கு வந்தார். 1966ஆம் ஆண்டு, பிரிட்டனின் காட்டுப் பாதைகளில் நடைபெற்ற ஆர்.ஏ.சி. ராலிப் போட்டியிலும் கார்ட்டினாவை ஓட்டினார். அது அவருக்குப் பழகாத கலை. விரைந்து ஓட்டித் திறம் காட்டியபின் வண்டி கவிழ்ந்து விலகினார். உலக வீரர், தாம் தோற்கக்கூடிய இடத்திற்குத் தாமே செல்வது எளிதன்று.

1968ஆம் ஆண்டின் முதல் நாள் தென்னாப்பிரிக்காவில் வென்றபோது, கிளார்க்கின் உலகப் பந்தய வெற்றிகள் இருபத்தைந்து ஆயின. அதுவரை முதலிடத்தில் இருந்த ஃபாஞ்சியோவின் இருபத்து நான்கை அவர் கடந்தார். அதன்பின் நூறு நாள்கூட அவர் வாழவில்லை. ஏப்ரல் 7ஆம் நாள், செருமனியின் ஹாக்கன்ஹைம் களத்தில், உலகப் பந்தயத்திற்கு ஒருபடி கீழான ஃபார்முலா டூ பந்தயத்தில் அவர் ஓடினார். ஈரமான பாதையில் வண்டி நிலைதவறி மரங்களில் மோதியது. அங்குத் தடுப்பு வேலி இல்லை. முப்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். சிறுகளம் இன்பம் தருவது. எனினும், அங்கும் காவல் குறைந்தால் உயிர் போகும். அவர் மறைவிற்குப்பின் அக்களத்தில் தடுப்பு வேலிகளும், விரைவைக் குறைக்கும் வளைவுகளும் அமைக்கப்பெற்றன.

கிளார்க்கின் உடல் தம் பண்ணைக்கு அண்மையில் உள்ள சர்ன்சைடு ஊரின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. அங்குள்ள கல் அவரை முதலில் உழவர் என்றே குறிக்கிறது. உலக வெற்றிகள் அதன்பின்னரே வருகின்றன. டன்ஸ் ஊரில் அவர் வென்ற கிண்ணங்களைக் காட்டும் கூடம் 1969ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 2019ஆம் ஆண்டில் அது புதிய அருங்காட்சியகமாக விரிந்தது.

மாணவர்களே, உயர்ந்தோர் பலர் ஏறிய ஏணியை மறந்துவிடுவர். கிளார்க் மறந்திலர். பாழடைந்த வானூர்தித் தளத்தில், நண்பர் தந்த குடும்பக் காரில் கண்ட இன்பத்தை உலக மேடையிலும் அவர் தேடினார். அவ்வின்பத்தை நாடியே இன்றும் பலர் சிறுகளங்களின் ஓரத்தில் சென்று நிற்கின்றனர். தொழில் எதுவாயினும் ஆகுக. அதனை முதன்முதலில் நமக்கு இனிதாக்கிய சிறிய இடத்தை மறவாதிருத்தல் சான்றோர்க்கு அழகு.