ஒரே ஆறு, பல துறைகள்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் நாட்டுப் பழமொழி. பெரும்பாலோர் வாழ்க்கையில் இஃது உண்மையே. ஆயினும் இப்பழமொழிக்கு அடங்காதவராய் வாழ்ந்து மறைந்தவர் இரவீந்திரநாத தாகூர். கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றோடு ஏறத்தாழ 2,000 பாடல்களையும் அவர் படைத்தார். அறுபது வயதைக் கடந்த பின்னர் ஓவியத்தில் இறங்கி, 2,000-க்கும் மேற்பட்ட படங்களை விட்டுச் சென்றார். கவிதையொன்றே உலகப் புகழைத் தேடித் தந்திருக்க, அவர் ஏன் மற்றக் கலைகளையும் நாடினார்? இவ்வினாவுக்கு விடையை அவருடைய வாழ்க்கையிலேயே காணலாம்.

1861-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தையார் தேவேந்திரநாதர் பிரம்ம சமாஜத்தின் தூண்களில் ஒருவர். மூத்த தமையனார் துவிஜேந்திரநாதர் கவிஞர், தத்துவ அறிஞர். மற்றொரு தமையனார் ஜோதிரிந்திரநாதர் பியானோவில் புதுப்புது மெட்டுகளை எழுப்புவார். அருகிலிருந்த இளைஞர் இரவீந்திரர் அவற்றுக்குச் சொற்களைப் பொருத்துவார். 1881-இல் வால்மீகியின் கதையை இசை நாடகமாக்கி, அவ்வில்லத்திலேயே மேடையேற்றி, வால்மீகியாகத் தாமே நடித்தார். இங்கிலாந்தில் கேட்டு வந்த மெட்டுகளும் அந்நாடகத்தில் இடம் பெற்றன. சொல்லும் இசையும் நடிப்பும் வெவ்வேறு கலைகள் என்ற எண்ணமே எழாத சூழலில் வளர்ந்தவர் அவர்.

1890-ஆம் ஆண்டை அடுத்துக் குடும்ப நிலங்களை மேற்பார்வையிடும் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்று வங்காளதேசத்தில் உள்ள சிலைதாவில், பத்மா ஆற்றில் மிதந்த படகில் பல நாட்களைக் கழித்தார். குடியானவர்களின் வறுமையும், சிற்றூர்ப் பெண்களின் வாய் திறவாத் துயரமும் அவர் கண்முன் வந்து நின்றன. அம்மனிதர்களை உள்ளவாறே காட்டுவதற்குப் பாட்டின் யாப்பு இடம் தரவில்லை. ஆகவே சிறுகதை பிறந்தது. அப்பகுதியில் பாவுல் பாடகர்களின் இசையும் அவர் செவியில் விழுந்தது. 1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது, மக்கள் ஒருங்கே பாடுவதற்கு உகந்த எளிய மெட்டுகளை அவ்விசையே அவருக்கு வழங்கியது. தெருவில் திரண்ட மக்களுக்கு வேண்டியது நூலன்று, பாட்டே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அதே ஆண்டுகளில் அவர் இல்லத்தில் துயரம் அடுத்தடுத்துப் புகுந்தது. 1902-இல் மனைவியையும், 1903-இல் மகள் ரேணுகாவையும், 1905-இல் தந்தையாரையும், 1907-இல் இளைய மகன் சமீந்திரனையும் இழந்தார். அத்துயரம் கனிந்து இறைவனை நோக்கிய பாடல்களாயிற்று. 1910-இல் வங்க மொழியில் வெளிவந்த கீதாஞ்சலி அதன் விளைவு. 1912-இல் உடல்நலம் குன்றி ஓய்வு கொண்டிருந்த நாட்களில், தம் பாடல்கள் சிலவற்றை அவரே ஆங்கில உரைநடையில் ஆக்கத் தொடங்கினார். மறு ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது.

இப்புகழினுள் ஒரு குறையும் இருந்தது. அயல்நாட்டார் படித்தவை அவருடைய பாடல்களின் நிழல்களே. மெட்டும் சந்தமும் வங்கமொழியின் கரையிலேயே நின்றுவிட்டன. தம் மொழிபெயர்ப்புகளைக் குறித்துப் பிற்காலத்தில் அவரே மனநிறைவு கொள்ளவில்லை. தாய்மொழியைவிட்டு வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு அந்தக் குறை புதிதன்று.

கையெழுத்துப் படிகளைத் திருத்தும்போது, அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து உருவங்களாக்குவது அவருடைய வழக்கம். 1924-இல் எழுதிய கவிதைகளின் ஏடுகளில் பறவைகளும் விந்தையான விலங்குகளும் தலைகாட்டின. முறையான ஓவியப் பயிற்சி அவருக்கு இல்லை. தமையன் முறையினரின் புதல்வர்களான அவனீந்திரரும் ககனேந்திரரும் புகழ்பெற்ற ஓவியர்களாக விளங்கிய குடும்பத்தில், முதிய வயதில் கற்றுக்குட்டியாய்த் தொடங்க அவர் நாணவில்லை. கோடுகளுக்கும் தாளம் உண்டு என்பது அவர் கண்ட உண்மை. படங்களுக்குப் பெயர் சூட்டவும் அவர் மறுத்தார். பெயர் வந்தால் மீண்டும் மொழியின் வேலி வந்துவிடுமன்றோ? 1930 மே மாதத்தில் பாரிஸ் நகரில் முதற் கண்காட்சி நடைபெற்றது. விக்டோரியா ஒகாம்போ என்னும் அர்ஜென்டீனா எழுத்தாளர் அதற்கு ஏற்பாடு செய்தார். அவ்வாண்டிலேயே பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் நகரங்களிலும் அப்படங்கள் காட்டப்பட்டன. மொழிபெயர்ப்பாளர் துணையின்றி அயலார் அவர் உள்ளத்தை நேரே கண்டது அப்போதுதான்.

முதுமையிலும் அவர் தேடல் ஓயவில்லை. சாந்திநிகேதனத்தில் தென்னாட்டு மாணவி ஒருவர் பாடக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதரின் மீனாட்சி கீர்த்தனை மெட்டு, வசந்தத்தைப் போற்றும் வங்கப் பாடலாக உருமாறியது. இளமையில் எழுதிய சித்திராங்கதையை 1936-இல் நாட்டிய நாடகமாக்கினார். விசுவபாரதிக்குப் பொருள் திரட்ட, 74 வயதில் குழுவினருடன் வடநாட்டு நகரங்களில் அலைந்தார். தில்லியில் அந்நிலையைக் கண்டு வருந்திய காந்தியடிகள், அன்பர்கள் வழங்கிய 60,000 ரூபாயை அவரிடம் சேர்ப்பித்து அப்பயணத்தை நிறுத்தச் செய்தார்.

1941 ஆகஸ்டு 7-ஆம் நாள், பிறந்த இல்லத்திலேயே அவர் மறைந்தார். எழுதக் கை ஒத்துழையாத இறுதி நாட்களிலும் கவிதையை வாயால் சொல்லி எழுதுவித்தார். தம் படைப்புகளுள் பாடல்களே நெடுநாள் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. எனினும் பாடலோடு அவர் நின்றுவிடவில்லை. ஓர் ஆற்றுக்குப் பல துறைகள் இருப்பது ஆற்றின் பெருமைக்காக அன்று. வெவ்வேறு ஊரார் இறங்கி நீர் கொள்வதற்காகவே. குடியானவனுக்குப் பாட்டும், அயலானுக்குப் படமும், இளையோர்க்கு ஆடலும் என அவர் திறந்த துறைகள் பல. அவற்றில் ஓடிய நீர் ஒன்றே.