வழக்கறிஞரை வளர்த்த ஆசான்

அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில், கறுப்பின வழக்கறிஞர் ஒருவரின் மகனாக 1895ஆம் ஆண்டு சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் பிறந்தார். அடுத்த ஆண்டே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாயிருப்பின் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைத்தல் சட்டத்துக்கு ஏற்றதே என்று தீர்ப்பளித்தது. பிரிவினை எங்கும் நிலைத்தது. சமத்துவமோ ஏட்டளவில் நின்றது.

முதல் உலகப் போரில் ஹியூஸ்டன் பிரெஞ்சு நாட்டில் படை அதிகாரியாகப் பணிபுரிந்தார். அங்கே தம் நாட்டு வெள்ளையராலேயே இழிவுக்கு உள்ளானார். உயிருடன் மீண்டால் சட்டம் பயின்று, எளியோர் சார்பில் வாதாடுவதென உறுதி பூண்டார். அவ்வாறே ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்றுத் தேர்ந்தார்.

கறுப்பின மாணவர் மிகுதியாகப் பயின்ற ஹோவர்டுப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் பொறுப்பு 1929இல் அவரிடம் வந்தது. அது அந்நாளில் மாலை வேளைகளில் நடைபெற்று வந்த சிறு கல்லூரி. அவர் அதை முழுநேரக் கல்லூரியாக்கினார். 1931இல் நாட்டளவில் முழு ஏற்பும் பெற்றுத் தந்தார். மாணாக்கரிடம் அவர் காட்டிய கண்டிப்புக்கு அளவில்லை. அரைகுறைப் படிப்புடன் நீதிமன்றம் ஏறும் கறுப்பர் தம் இனத்தார் அனைவரையும் தோற்கச் செய்வர் என்பது அவர் எண்ணம். தம் மக்களை முன்னின்று நடத்தும் தலைவர்களையே அவர் உருவாக்க விழைந்தார்.

அம்மாணாக்கருள் ஒருவர் தர்குட் மார்ஷல். அவர் ஊராகிய பால்டிமோரில் இருந்த மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் கறுப்பருக்கு இடமில்லை. அதனால் நாள்தோறும் இரயிலேறி வாஷிங்டன் வந்து படித்தார். அவர் 1933இல் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் ஆசானும் மாணாக்கரும் சேர்ந்து வாதாடி, அதே மேரிலாந்துக் கல்லூரியில் டொனால்டு மர்ரி என்னும் கறுப்பின இளைஞருக்கு இடம் பெற்றுத் தந்தனர்!

போரைச் சட்டக் கல்லூரியில் தொடங்கியது ஹியூஸ்டனின் கூர்மதி. ஓரிருவருக்காகத் தனிக் கல்லூரி கட்டுவது மாநிலங்களுக்குப் பெருஞ்செலவு. மேலும், நல்ல சட்டக் கல்வி எத்தகையது என்பதை நீதிபதிகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மிசௌரி மாநிலம், லாயிடு கெயின்ஸ் என்பவரை வெளி மாநிலத்தில் படிக்கச் சொல்லிக் கட்டணம் தருவதாகக் கூறியது. அது சமத்துவம் ஆகாது என்று ஹியூஸ்டன் வாதாடினார். 1938இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது.

ஓய்வறியா உழைப்பு அவர் இதயத்தை நலிவித்தது. 1950 ஏப்ரல் 22ஆம் நாள், தம் 54ஆம் வயதில் அவர் மறைந்தார். ஆறு வாரங்களில், டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவும் தீர்ப்பினால் திறந்தது. 1954இல், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அவ்வழக்கில் முன்னின்று வாதாடியவர், நாள்தோறும் இரயிலேறி வந்து படித்த அந்த மார்ஷலே.